சொல்லாமல் கொள்ளாமல்

எங்கள் பேண்டில் இதுவரை பதினேழு பேர் இருந்திருக்கிறார்கள். ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் இருந்ததில்லை. முதல் நாளிலிருந்து இன்றுவரை இருப்பவன் கிட்டார் வாசிக்கிற நான் ஒருவன்தான். இதை ரொம்ப நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இந்தச் சித்திரையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அந்தப் பெருமை போயிற்று.

நாங்கள் வாசிப்பது டெத் மெட்டல் என்கிற முரட்டு ராக் இசை. ராஜபாளையத்தில் இதை விளக்குவது லேசான காரியமில்லை. சாமான்களை ஏற்றிப்போக வந்த டெம்போக்காரர் ஒருவர், "சாவுக்கும் வாசிப்பீகளா?" என்று அக்கறையாக விசாரித்து என் போன் நம்பரை வாங்கிப் போனார். பேனர் கடையில், எழுத்தெல்லாம் வேர்போலப் பின்னிக் கிடக்கிற எங்கள் லோகோவைக் கொடுத்தால், "வேரு மட்டும் இருக்கு, எழுத்து எங்க அண்ணாச்சி?" என்றார்கள். பாட்டெல்லாம் தமிழ்தான். ஆனால் பாடுகிறவன் அடித்தொண்டையிலிருந்து உறுமுவதால், அவனைப் பெற்ற தாய் எதிரே உட்கார்ந்து கேட்டாலும் ஒரு சொல் விளங்காது. அது குறையல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும். சொல் விளங்கிவிட்டால் எங்கள் உலகத்தில் அவனை மட்டமான பாடகன் என்பார்கள்.

ஒத்திகை, ரெக்கார்டிங் எல்லாம் ஒரு தறிக்கூடத்தில். ஆஸ்பத்திரியில் காயத்துக்குச் சுற்றுகிற பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறிக்கூடம் அது. என் கடையில் தறிக்கான உதிரி பாகங்கள் வாங்குகிற முதலாளி ஒருவர், ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது என்பதால் எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். அக்கம்பக்கத்தில் யாரும் சண்டைக்கு வந்ததில்லை. வாரத்துக்கு ஆறு நாள் தறிச் சத்தத்தில் கிடக்கிற தெரு, ஏழாவது நாள் எங்களையும் இன்னொரு தறி என்று எண்ணிக்கொண்டது.

ஆட்கள் வருவார்கள், போவார்கள். ஒருவன் துபாய் போனான். ஒருவனுக்குப் பெண் பார்த்த வீட்டில், தலைமுடியை வெட்டினால்தான் பேச்சே என்றார்கள்; அவன் முடியோடு கிட்டாரையும் விட்டான். ஒரு டிரம்மர் சபரிமலைக்கு மாலை போட்டான். நாற்பத்தெட்டு நாள் விரதத்தில் பிணம், புழு என்கிற பாட்டுக்கெல்லாம் வாசிக்க மாட்டேன் என்றான். விரதம் முடிந்தும் வரவில்லை. ஆள் போனால் இன்னொரு ஆள். போனவன் விட்டுப்போன இடத்தில் புதியவன் வந்து உட்கார்ந்து, பழைய ரெக்கார்டைக் கேட்டுக் கேட்டு, அதில் இருப்பதை அப்படியே படித்துக்கொள்வான். என் கண்டிப்பு அப்படி. ஒரு அடி மாறினாலும் விட மாட்டேன்.

இப்படிப் படிப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் முதல் டிரம்மரின் வீடு நெல் வியாபாரம் செய்த வீடு. நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை 'ஒண்ணு' என்று சொல்ல மாட்டார்கள், 'லாபம்' என்றுதான் எண்ணத் தொடங்குவார்கள். அவனும் குச்சியைத் தட்டி, "லாபம், ரெண்டு, மூணு, நாலு" என்றுதான் பாட்டை எடுப்பான். அவன் போய்ப் பல வருஷமாயிற்று. அவனுக்குப் பிறகு ஐந்து பேர் மாறிவிட்டார்கள். அதில் ஒருவன் வீட்டில் தெலுங்கு பேசுகிறவன், ஒருவன் நெல்லையே அருகில் பார்த்திராதவன். எல்லோரும் 'லாபம்' என்றுதான் எடுத்தார்கள். ஏன் என்று ஒருவனும் கேட்கவில்லை. ரெக்கார்டில் அப்படி இருக்கிறது, அவ்வளவுதான்.

அதை நினைத்து நான் சிரித்திருக்கிறேன். இப்போது டிரம்மர் 'லாபம்' என்று வாயெடுத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

எங்கள் முதல் பாடகன் மம்சாபுரத்துக்காரன். பாலிடெக்னிக்கில் என் பெஞ்சு. மெலிந்த ஆள், எந்நேரமும் வாயில் பாக்கு. அவன் உறுமினால் தறிக்கூடத்தின் தகரக் கூரை லேசாக அதிரும். அவனும் நானும்தான் பேண்டை ஆரம்பித்தோம். மற்றவர்கள் என்னைவிடச் சின்னவர்கள், 'அண்ணே' என்பார்கள். அவன் 'மாப்ள' என்பான்.

அவன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். பன்னிரண்டு வருஷமாக நான் அப்படித்தான் சொல்லி வந்தேன். முதல் ஆல்பத்துக்குக் கடைசிப் பாட்டைப் பாடி முடித்த மறுவாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. போன் செய்தேன். எடுத்தான், பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. "என்னலே, கேக்குதா?" என்றேன். மூச்சுதான். இப்படி நாலு தடவை. ஐந்தாம் தடவை எனக்குக் கோபம் தலைக்கேறி, வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். திமிரு பிடித்தவன், நம்பிக்கைத் துரோகி, பேண்டை நட்டாற்றில் விட்டவன் என்று பத்து நிமிஷம் திட்டினேன். அவ்வளவு நேரமும் அந்த மூச்சு போனை வைக்கவில்லை. நான்தான் வைத்தேன். அவன் வீட்டில் விசாரிக்கவும் போகவில்லை. அவன்தான் வர வேண்டும் என்று வீம்பாக இருந்தேன். பிறகு அவன் குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டான் என்று யாரோ சொன்னார்கள்.

அந்தக் கடைசிப் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தறிக்கூடத்தின் ஓரத்தில் ஒரு சின்ன அறை உண்டு. நெய்த பேண்டேஜ் துணியைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைக்கிற அறை. நாலு சுவருக்கும் துணிக்கட்டு நின்றதால் உள்ளே எதிரொலி கிடையாது, எங்களுக்கு அதைவிட நல்ல ஸ்டுடியோ கிடைக்காது. பாடகனை மைக்கும் ஹெட்போனுமாக உள்ளே நிறுத்திவிடுவோம். கதவு லொடலொடவென்று ஆடும் என்பதால் வெளியே தாழ்ப்பாள் போடுவோம். கதவின் மேல்பாதியில் ஒரு கண்ணாடி. அதன் இந்தப் பக்கம் லேப்டாப்பும் ஹெட்போனும், அவனோடு பேச ஒரு மைக்குமாக நான். அன்று இன்னொரு கிட்டார்காரன், வீடியோவுக்காகத் தன் போனை அறைக்குள் கதவை ஒட்டிய கட்டின்மேல் சாய்த்து ஓடவிட்டிருந்தான்.

நான் ஒரு சட்டம் வைத்திருந்தேன். பாதியில் நிறுத்தினால் பாட்டு முழுவதையும் முதலிலிருந்து பாட வேண்டும். ஒட்டுப்போடுகிற வேலை நம்மிடம் ஆகாது. அன்று முதல் தடவை நன்றாகத்தான் பாடினான். "இன்னொரு தடவ" என்றேன். இரண்டாம் தடவையும் நன்றாக இருந்தது. "இன்னொரு தடவ." மூன்றாம் தடவை முடிந்தபோது அவன் ஒரு துண்டு பேண்டேஜ் துணியை எடுத்து வாயைத் துடைத்தான். துணி சிவந்திருந்தது. "ஏலே, மொதலாளி துணியில பாக்குக் கறையப் பண்ணாத" என்று மைக்கில் கத்திவிட்டு, "இன்னொரு தடவ" என்றேன்.

நாலாம் தடவைதான் அற்புதம் நடந்தது என்று அன்றைக்கு எல்லோரும் பேசிக்கொண்டோம். பாட்டின் பின்பாதியில் வெறும் வாத்தியம்தான், பாடுகிறவனுக்கு வேலையில்லை. அந்த இடத்தில் அவனாக ஆரம்பித்தான். எழுதி வைக்காத ஏதோ ஒன்று. பாட்டு முடிகிறவரை விடாமல், கதவுப் பக்கம் திரும்பி, என் முகத்தைப் பார்த்தே உறுமினான். மனிதக் குரலாகவே இல்லை. எனக்குக் கையில் ரோமம் சிலிர்த்தது. முடிந்ததும் கைதட்டினோம். கதவைத் திறந்தேன், அவன் என்னைத் தாண்டி நேரே பைக்கை எடுத்துக்கொண்டு போனான். 'உணர்ச்சிவசப்பட்டுவிட்டான்' என்றேன் நான், மற்றவர்களிடம்.

அந்தப் பாட்டுதான் எங்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. எங்கேயோ வெளிநாட்டில் ஒருவர் அந்தப் பின்பாதியைக் கேட்டுவிட்டு, இப்படி ஒரு குரலைக் கேட்டதில்லை என்று எழுதினார். பெங்களூரில் வாசித்தால் அந்த இடத்துக்காகவே கூட்டம் முன்னால் நெருக்கும். வீடியோவைப் பார்த்துப் பார்த்து, அவனுக்குப் பின்னால் வந்த நாலு பாடகர்களும் அதைப் படித்தார்கள். அங்கே வார்த்தை கிடையாது என்பது எங்களுக்குள் முடிவான விஷயம். 'சத்தத்தை அப்படியே எடு' என்பேன். எடுத்தார்கள். சத்தத்தோடு மற்றதும் ஒட்டிக்கொண்டது. மேடையில் அந்த இடம் வந்ததும் பாடுகிறவன் வலப்பக்கம் திரும்புவான். வீடியோவில் அவன் அப்படித்தான் திரும்பினான், அங்கே கதவு இருந்தது. மேடையில் வலப்பக்கம் நிற்பவன் நான். பன்னிரண்டு வருஷமாக, ஆள் மாறி ஆள் மாறி, ஒவ்வொருவனும் அந்த இடத்தில் என்னைப் பார்த்தே உறுமியிருக்கிறான். எனக்கு அது பழகியும் போயிருந்தது.

இந்த வருஷச் சித்திரைக்கு வருகிறேன். ஐந்தாவது பாடகன் சேத்தூர்ப் பையன், பைக் ஷோரூமில் வேலை. மதுரையில் ஒரு நிகழ்ச்சிக்காக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று தறிக்கூடத்தில் ஒரு அக்காவும் இருந்தாள். முப்பது வருஷம் தறி ஓட்டியவள், இப்போது துணி மடிப்பு வேலை. மறுநாள் லோடு போக வேண்டும் என்பதால் ஞாயிறும் வந்திருந்தாள். தறிச் சத்தம் அவள் காதை எப்போதோ தின்றுவிட்டது. எங்கள் ஸ்பீக்கருக்கு எதிரே உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்ட ஒரே மனுஷி அவள்தான். தயிர்ச்சோற்றைப் பிசைந்தபடி எங்களை வேடிக்கை பார்த்தாள்.

பாட்டு முடிந்ததும் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். காது கேளாதவர்களுக்கு உள்ள உரத்த குரலில் கேட்டாள்.

"தம்பி, அந்தப் பய அம்புட்டு நேரமா நிப்பாட்டு நிப்பாட்டுன்னு கெஞ்சுதான். நீங்க பாட்டுக்கு அடிச்சுக்கிட்டே இருக்கீகளே. அவனுக்கு என்னமும் செய்யுதோ என்னமோ. செத்த நேரம் விட்டா என்ன?"

தறிக்காரர்கள் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். ஓடுகிற தறிக்கு நடுவே குரல் எதற்கும் உதவாது. பத்தடி தள்ளி நிற்பவளிடம் வாயை மட்டும் அசைத்துக் கல்யாண வீட்டுச் சமாசாரம் முழுவதையும் சொல்லி முடிப்பார்கள். அது எனக்குத் தெரியும். நாள் முழுக்கத் தறிக்கூடங்களில் புழங்குகிறவன்தான் நானும். எனக்கு அந்தப் படிப்பு வரவில்லை, நான் யார் உதட்டையும் நின்று பார்த்ததில்லை.

பாடகன் சிரித்தான். "நான் ஒண்ணும் கெஞ்சலக்கா. அந்த எடத்துல வார்த்தையே கெடையாது. ரெக்கார்டுல உள்ள சத்தம்தான்."

"சத்தத்த நான் எங்க கண்டேன்? திரும்பச் சொல்லு, மெதுவா" என்றாள்.

அவன் குரல் கொடுக்காமல் வாயை மட்டும் மெதுவாக அசைத்தான். அவள் சாப்பாட்டுக் கையை அந்தரத்தில் நிறுத்திப் பார்த்தாள்.

"மாப்ள நிப்பாட்டு. இல்லாட்டி, பாப்பா நிப்பாட்டு. பானாவும் மானாவும் உதட்டுக்கு ஒண்ணுதான்."

"பாப்பா நிப்பாட்டு! நாம பால்வாடிப் பாட்டுதான் பாடிட்டு இருந்தமா?" என்றான் டிரம்மர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் முதல் வார்த்தை எனக்குள் இறங்கியது. இந்தப் பேண்டில் என்னை மாப்ள என்று கூப்பிட்டவன் ஒருவன்தான்.

என் போனில் அந்தப் பழைய வீடியோ இருந்தது. எடுத்து அக்காவிடம் கொடுத்தேன். அவள் சோற்றுக் கையைக் கழுவிச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, முகத்துக்கு நெருக்கமாகப் பிடித்தாள். சத்தத்தை நான் குறைத்துவிட்டேன். கேட்கத் தெம்பில்லை. திரையில் சுற்றிலும் வெள்ளைத் துணிக்கட்டுகள், நடுவே அவன் முகம், என்னைப் பார்த்து வாய் மட்டும் அசைந்தது. அக்கா செய்தி வாசிக்கிறவர்களைப் போல, ஏற்ற இறக்கமில்லாமல், உரக்கச் சொல்லிக்கொண்டே போனாள்.

"மாப்ள நிப்பாட்டு. போதும் நிப்பாட்டு. ரத்தம் வருது மாப்ள. பாக்கு இல்ல, ரத்தம். கதவத் தொற. மாப்ள, கதவத் தொற. நிப்பாட்டு."

சேத்தூர்ப் பையன் கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு நின்றான். பாவம், பத்து மாதமாக இதைத்தான் அவன் வாய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அவனுக்கு முன் மூன்று பேர். பெங்களூரில், கோயம்புத்தூரில், கல்லூரி விழாக்களில், நூற்றுக்கணக்கானவர்கள் தலையை ஆட்ட ஆட்ட, ரத்தம் வருது மாப்ள, கதவத் தொற. நான் பக்கத்தில் நின்று கிட்டார் வாசித்தேன். பாதியில் நிறுத்தினால் முதலிலிருந்து என்று சட்டம் போட்டவன் நான். அதனால்தான் அவன் பாட்டை நிறுத்தாமல், பாட்டுக்குள்ளேயே சொல்லியிருக்கிறான். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

அக்கா போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இன்னும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தம்பிய எனக்குத் தெரியுமே. முடி மட்டும் இப்ப இல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் பக்கத்துல ஜெராக்ஸ் கடை. பென்சன் மனுவுக்கு நான் போவேன். தம்பிக்குப் பேச்சு வராது, காத்துதான் வரும். நாங்க ரெண்டு பேரும் நல்லாப் பேசிக்கிடுவோம். அந்த ஒரு கடையிலதான் யாரும் என்கிட்டக் கத்துறதில்ல."

பேச்சு வராது. போனில் கேட்ட அந்த மூச்சு எனக்கு அப்போது விளங்கியது. ஐந்து தடவையும் அவன் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். நான் அந்தப் பதிலைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு திட்டியிருக்கிறேன். மெசேஜ் அனுப்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஐந்தாவது போனில் நான் பேசிய பேச்சுக்குப் பிறகு யார் அனுப்புவார்கள்?

மறுநாள் கடையை அடைத்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். அக்காவைக் கூட்டிப்போகலாமா என்று யோசித்தேன். வேண்டாம், இதற்கு நடுவில் ஆள் கூடாது என்று தோன்றியது. என்ன பேசுவது என்று வழிநெடுகப் பாடம் பண்ணிக்கொண்டேன். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கோர்ட்டுத் தெரு வழியே எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அந்தக் கடையில் ஒரு தடவை ஜெராக்ஸ் கூட எடுத்திருப்பேனோ என்று இப்போதும் சந்தேகம் இருக்கிறது.

கடையில் இரண்டு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் மதுரை பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி திரும்பியது. அவன் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தான். தலை ஒட்ட வெட்டியிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தான். ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை. எத்தனை காப்பி என்று எழுதித் தர, வருகிறவர்கள் எல்லோருக்கும் செய்வதுபோல ஒரு துண்டுச் சீட்டையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினான்.

நான் அதைத் தொடவில்லை. "நீ அன்னிக்குச் சொன்னது எனக்கு நேத்துதான் தெரிஞ்சுது" என்றேன். பாடம் பண்ணியதெல்லாம் மறந்துவிட்டது. "தறிக்கூடத்து அக்காதான் படிச்சுச் சொன்னாக. மதுரை நிகழ்ச்சிக்கு அதத்தான் ஒத்திகை பாத்துக்கிட்டு இருந்தோம். தப்பு எம்பேர்லதான்."

அவன் மெஷினிலிருந்து வந்த தாளை எடுத்து ஓரமாக வைத்தான். பிறகு வாயை அசைத்தான். காற்றும் வந்திருக்கும், மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை. உதடுகளைப் பார்த்தேன். நடுவில் இரண்டு இடத்தில் அவை ஒட்டிப் பிரிந்தது மட்டும் தெரிந்தது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"இன்னொரு தடவ" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது என்னவென்று எனக்கே கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும், அவன் காதுக்குக் குறையொன்றும் இல்லை. முகத்தில் கோபமில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, அதையே திரும்பவும் சொன்னான். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. கேட்கக் கூசிக்கொண்டு நின்றேன். நான் கேட்காமலேயே, மூன்றாம் தடவையாக, ஒவ்வொரு எழுத்தாக, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னான்.

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒருவனுடைய உதட்டைப் படித்தேன்.

"இன்னும் நிப்பாட்டலையா?"

"இல்ல மாப்ள" என்றேன்.